விளக்கும் வடிகாலும்

கையில் விளக்கேந்தி, நள்ளிரவில், நோயுற்ற வீரரின் கட்டில்களுக்கிடையே நடந்து சென்ற அம்மையாரைப் பற்றிக் கேள்வியுறாதவர் அரியர். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் என்னும் பெயரைச் சொன்னவுடன் அவ்விளக்கே யாவர்க்கும் நினைவிற்கு வருகின்றது. ஆனால், அவர் விளக்கேந்தி நடந்த காலம் இரண்டாண்டுக்கும் குறைவு. அதன் பின்னர் அவர் 54 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். அந்நெடுங்காலத்தின் பெரும்பகுதியைச் சாக்கடைகளைப் பற்றியும், கிணறுகளைப் பற்றியும், மக்கள் பருகும் நீரில் கழிவுநீர் கலவாமல் காக்கும் வழிகளைப் பற்றியும் எண்ணுவதிலும் எழுதுவதிலும் கழித்தார். அச்சாக்கடைகளுள் பல, நம் நாட்டுச் சாக்கடைகள். அக்கிணறுகளுள் பல, சென்னை மாகாணத்துக் கிணறுகள்.

அம்மையார் 1820ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் இங்கிலாந்து நாட்டுச் செல்வர். பயணத்தின்போது பிறந்த மகளுக்குப் பிறந்த நகரின் பெயரையே இட்டனர். தந்தையார் வில்லியம் நைட்டிங்கேல் கல்வியில் நாட்டமுடையவர்; தம் மகளிர் இருவர்க்கும் தாமே ஆசிரியராய் இருந்து பல மொழிகளையும் வரலாற்றையும் கற்பித்தார். இளையவராகிய பிளாரன்ஸுக்குக் கணக்கிலேதான் பேரார்வம். அக்காலத்துச் செல்வர் வீட்டுப் பெண்கள் இசை பயில்வர், விருந்தினரை உபசரிப்பர், தக்க இடத்தில் மணம் புரிந்துகொள்வர். கணக்குப் படிப்பதற்கு அவர்களுக்கு வேளையும் இல்லை, விடையும் இல்லை. பிளாரன்ஸ் விடியுமுன் எழுந்து, குளிரில் விளக்கேற்றி, அட்டவணைகளைப் படித்தார். மருத்துவமனைகளில் எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் இறந்தனர் என்பன போன்ற புள்ளிவிவரங்களே அவர் விரும்பிப் படித்தவை.

நோயாளிகளுக்குப் பணி செய்ய வேண்டும் என்று அவர் கூறியபோது வீட்டில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. அந்நாளில் மருத்துவமனை என்பது ஏழைகள் கிடந்து மடியும் இடம். அங்குப் பணிபுரியும் மகளிர்க்கு நற்பெயர் இல்லை. பல ஆண்டுகள் அவர் பொறுத்திருந்தார். 1851ஆம் ஆண்டு செர்மனி நாட்டில் கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில் மூன்று மாதங்கள் செவிலிப் பயிற்சி பெற்றார். 1853ஆம் ஆண்டு இலண்டனில் நோயுற்ற பெண்டிர்க்கான ஒரு சிறு மருத்துவ இல்லத்தின் தலைமையை ஏற்றார்.

மறு ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இலண்டனில் வாந்திபேதி பரவிற்று. மிடில்செக்ஸ் மருத்துவமனையில் நோயாளிகள் வந்து குவியவே, அம்மையார் தாமாகச் சென்று அவர்களுக்குப் பணிவிடை செய்தார். அம்மருத்துவமனைக்கு அணித்தே உள்ளது சோகோ என்னும் பகுதி. அங்கே பிராடு தெருவில் இருந்த ஒரு கைப்பம்பின் நீரைக் குடித்தவர்களே மிகுதியாக இறந்தனர் என்பதை ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் வீடு வீடாகச் சென்று கண்டறிந்தார். அக்கிணற்றை அடுத்து ஒரு மலக்குழி இருந்தது. அதன் கசிவு கிணற்று நீரிற் கலந்திருந்தது. ஸ்னோவின் வேண்டுகோளால் செப்டம்பர் 8ஆம் நாள் அப்பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. ஒரே நோயை, ஒரே காலத்தில், சில தெருக்கள் இடைவெளியில் இருவரும் எதிர்நின்று போராடினர். எனினும், நோய் நீர்வழியே பரவுகிறது என்றார் ஸ்னோ. அழுகிய பொருள்களினின்றும் எழும் கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்று நம்பினார் அம்மையார். அந்நாளில் கற்றோர் பலரும் நம்பியது அதுவே.

அவ்வாண்டிலேயே இங்கிலாந்து கிரிமியப் போரில் இறங்கியிருந்தது. இங்கிலாந்தும் பிரான்சும் துருக்கியுடன் சேர்ந்து உருசியாவை எதிர்த்தன. நோயுற்ற ஆங்கில வீரர்கள் கடல் கடந்து துருக்கியின் தலைநகருக்கு எதிர்க்கரையிலிருந்த ஸ்கூட்டரி என்னும் இடத்திற்குக் கொண்டுவரப்பட்டனர். அங்கே பெரியதொரு படைவீட்டை மருத்துவமனையாக மாற்றியிருந்தனர். அதன் இழிநிலை செய்தித்தாள்களின் வாயிலாக வெளிவந்தபோது நாடே கொதித்தெழுந்தது. போர் அலுவல்களைக் கவனித்த அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட் என்பவர் அம்மையாரின் நண்பர். அவர் வேண்டியவாறே அம்மையார் 38 மகளிருடன் புறப்பட்டு, 1854ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 4ஆம் நாள் ஸ்கூட்டரியை அடைந்தார்.

அங்கு அவர் கண்ட காட்சியை விரித்துரைத்தல் வேண்டா. தரையெல்லாம் நோயாளிகள், போதிய படுக்கையில்லை, மாற்றுடையில்லை, சோப்பில்லை. அம்மையார் சமையற்கூடம் அமைத்தார். சலவைக்கு ஏற்பாடு செய்தார். வேண்டிய பொருள்களை வாங்கிக் குவித்தார். இரவிலே விளக்கேந்திச் சென்று ஒவ்வொருவரையும் கண்டார். வீரர்கள் அவரைத் தெய்வமாகவே போற்றினர். ஆயினும், ஒரு பெருங்கொடுமை நடந்துகொண்டிருந்தது. இத்தனை பணிகளுக்குப் பின்னும் சாவு குறையவில்லை, ஏறிற்று. 1855ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் நோயாளிகள் நூற்றுவரில் 42 பேர் மாண்டனர். வந்தவருட் பெரும்பாலோர் குண்டடிபட்டவர் அல்லர். சீதபேதி, வாந்திபேதி, கொடிய காய்ச்சல் ஆகியவற்றாலேயே அவர்கள் இறந்தனர். காலில் சிறு காயத்தோடு வந்தவனும் சில நாட்களிற் பேதி கண்டு மடிந்தான்.

அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் இங்கிலாந்திலிருந்து சுகாதாரக் குழு ஒன்று வந்து சேர்ந்தது. ஜான் சதர்லாண்டு என்னும் மருத்துவரும், இராபர்ட் ராலின்சன் என்னும் பொறியாளரும் அதில் இருந்தனர். அவர்கள் நோயாளிகளைப் பார்ப்பதற்கு முன் கட்டடத்தின் அடிப்பகுதியைப் பார்த்தனர். அப்பெருங்கட்டடம் ஒரு சாக்கடையின்மேல் நின்றுகொண்டிருந்தது. கழிவுநீர் செல்லும் கால்வாய்கள் அடைபட்டு நிரம்பியிருந்தன. கழிப்பறைகளினின்றும் வழிந்த கழிவு தரைக்கடியிற் பரவி, சுவர்களில் ஊறியது. குடிநீர் வரும் வழியைத் தோண்டிப் பார்த்தபோது, அந்நீர் செத்து அழுகிய ஒரு குதிரையின் உடலூடே வந்துகொண்டிருந்தது தெரிந்தது. அந்நீரையே நோயாளிகள் குடித்துவந்தனர்.

குழுவினர் ஒரு நாளும் காலம் தாழ்த்தவில்லை. முதற் பதினைந்து நாட்களுள் 556 கைவண்டி, கூடை அளவிற்குக் குப்பை அகற்றப்பட்டது. செத்த விலங்குகள் 24 புதைக்கப்பட்டன. கால்வாய்கள் கழுவித் திறக்கப்பட்டன. குடிநீர் வழி செப்பனிடப்பட்டது. சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கப்பட்டது. காற்றோட்டத்திற்கு வழி செய்யப்பட்டது. ஜூன் மாதத்தில் நூற்றுக்கு 42 ஆக இருந்த சாவு நூற்றுக்கு 2 ஆகக் குறைந்தது. குளிர்காலம் கழிந்ததும், நெரிசல் தணிந்ததும் இதற்குத் துணை செய்தன என்பது உண்மை. ஆயினும், துப்புரவுப் பணியே தலையாய காரணம் என்று அம்மையார் பின்னர்த் தெளிந்தார்.

அத்தெளிவு அங்கேயே அவருக்கு ஏற்பட்டுவிடவில்லை. நாடு திரும்பும் வரையில், பசியாலும் களைப்பாலும் குற்றுயிராய் வந்தமையாலேயே வீரர்கள் இறந்தனர் என்று அவர் எண்ணியிருந்தார். 1856ஆம் ஆண்டு இங்கிலாந்து திரும்பிய அவரை வரவேற்க நாடு காத்திருந்தது. அவர் அவ்வரவேற்பைத் தவிர்த்துவிட்டு, யாரும் அறியாமல் வீடு சேர்ந்தார். பின்பு வில்லியம் பார் என்னும் புள்ளியியல் வல்லுநருடன் அமர்ந்து, போர்க்காலத்துச் சாவுக் கணக்கை மாதம் மாதமாகவும் இடம் இடமாகவும் பிரித்துப் பார்த்தார். போர்க்களத்தை அடுத்து, கூடாரங்களிலும் குடிசைகளிலும் குறைந்த வசதியோடு கிடந்தவர்களைக் காட்டிலும், ஸ்கூட்டரியின் பெருமனையிற் கிடந்தவர்களே மிகுதியாக மாண்டிருந்தனர். அம்மருத்துவமனையிலே நாலாயிரத்திற்கும் மேற்பட்டோர் ஒரே குளிர்காலத்தில் இறந்தனர். அவர்களைத் தம் கையாற் பேணியவர் அம்மையார். அவர்கள் கிடந்த தரைக்குக் கீழே கிடந்த நஞ்சை அவர் அறிந்திலர்.

இக்கண்டுபிடிப்பு அவரை எவ்வளவு வருத்தியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாடு முழுவதும் அவர் படத்தை வைத்துப் போற்றிய நேரம் அது. தம்முடைய மருத்துவமனையே மிகக் கொடியதாக இருந்தது என்று கணக்குக் காட்டுவதால் அவர் புகழுக்கு இழுக்கு நேரலாம். அவர் கணக்கை மறைக்க விரும்பவில்லை, வெளியிடுதற்கே விரும்பினார். அதிகாரிகள் எண்களைப் படிக்கமாட்டார்கள் என்பதை அவர் அறிவார். ஆதலால், மாதந்தோறும் நேர்ந்த சாவுகளை வட்ட வடிவப் படங்களாக வரைந்தார். தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தோரை நீல நிறமும், காயத்தால் இறந்தோரைச் சிவப்பு நிறமும், பிற காரணங்களால் இறந்தோரைக் கறுப்பு நிறமும் குறித்தன. படத்தைக் கண்டவர் கண்ணில் முதலிற் பட்டது நீலமே. சிவப்பு ஒரு சிறு கீற்றாக நின்றது. 1858ஆம் ஆண்டு இலண்டன் புள்ளியியற் கழகம் அவரை உறுப்பினராக்கிக்கொண்டது. அக்கழகத்தின் முதற் பெண் உறுப்பினர் அவரே. அதற்கு முன்னரே, போர்க்காலத்தில் பற்றிய காய்ச்சலின் விளைவாக, அவர் உடல்நலம் குன்றிவிட்டது. 1857ஆம் ஆண்டு முதல் பல ஆண்டுகள் அவர் தம் அறையை விட்டு வெளியே செல்வதே அரிதாயிற்று. எஞ்சிய வேலைகளை எல்லாம் படுக்கையிலிருந்தும் சாய்விருக்கையிலிருந்தும் எழுதுகோலைக் கொண்டே செய்தார். 1860ஆம் ஆண்டு இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றதும் இவ்வாறே.

அந்நிலையிலேதான் அவருடைய பார்வை இந்தியாவின்பால் திரும்பிற்று. இங்கிருந்த ஆங்கிலப் படைவீரர்களின் நிலையை ஆராய 1859ஆம் ஆண்டு அரச ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. அம்மையார் அக்குழுவின் உறுப்பினர் அல்லர். பெண்டிர்க்கு அக்காலத்தில் அவ்விடம் கிடையாது. ஆனால், குழு கேட்க வேண்டிய வினாக்களை எழுதியவர்களுள் அவர் தலையானவர். இந்தியாவிலுள்ள படைத்தளங்கள் அனைத்திற்கும் வினாத்தாள்கள் அனுப்பப்பட்டன. குடிநீர் எங்கிருந்து வருகின்றது? கிணற்றுக்கும் கழிப்பிடத்திற்கும் எவ்வளவு தொலைவு? கழிவுநீர் எங்கே போகின்றது? எத்தனை பேர், எந்நோயால், எம்மாதத்தில் இறந்தனர்? வந்த விடைகள் மலைபோற் குவிந்தன. அம்மையார் வீடு மாறியபோது அக்காகிதங்களை ஏற்றிச் செல்ல இரண்டு வண்டிகள் தேவைப்பட்டன என்பர். இந்தியாவை ஒருமுறையும் கண்ணாற் காணாத அவர், நம் நாட்டின் ஒவ்வொரு படைத்தளத்துச் சாக்கடையையும் இலண்டனில் ஓர் அறையிலிருந்தபடியே அறிந்துகொண்டார். காணாமல் அறிதலில் குறைகளும் உண்டு. நம் மக்களின் வழக்கங்களைப் பற்றி அவர் தொடக்கத்தில் எழுதியவற்றுள் அதிகாரிகளின் கண் கொண்டு பார்த்த குறையும் தெரிகின்றது.

விடைகள் பெரும்பாலும் ஒரே செய்தியையே கூறின. வடிகால் என்பதே இல்லை. குளத்திலும் கிணற்றிலும் நீர் முகந்து, தோற்பையில் சுமந்து வந்து கொடுத்தனர். அந்நீரை யாரும் ஆராய்ந்ததில்லை. ஆண்டுதோறும் ஆயிரம் வீரருக்கு 69 பேர் இறந்தனர், போரினாலன்று, நோயினால். 1863ஆம் ஆண்டு வெளிவந்த அறிக்கை 2,028 பக்கங்கள் கொண்டது. அதனை யார் படிப்பர்? அம்மையார் விடைகளின் சாரத்தைத் தனியே எழுதி, படங்களும் சேர்த்து, அறிக்கையில் இணைத்தார். அரசு அறிக்கையைச் சுருக்கி வெளியிட்டபோது அப்பகுதி விடுபட்டது. அவர் வாளாவிருக்கவில்லை, அதனைத் தனியாக அச்சிடச் செய்து வேண்டியவர்க்கெல்லாம் அனுப்பினார். 1864ஆம் ஆண்டு வங்காளம், சென்னை, பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களிலும் சுகாதாரக் குழுக்கள் அமைக்கப்பட்டன. 1873ஆம் ஆண்டிற்குள் படைவீரரின் சாவு ஆயிரத்திற்கு 69 என்பதிலிருந்து 18 ஆகத் தாழ்ந்தது.

1866ஆம் ஆண்டு முதல் 1872ஆம் ஆண்டு வரை சென்னை ஆளுநராக இருந்தவர் நேப்பியர் பிரபு. கிரிமியப் போர்க்காலத்தில் அவர் துருக்கியில் ஆங்கிலத் தூதரகத்திற் பணியாற்றியவர். அம்மையாரின் தொண்டை நேரிற் கண்டவர். ஆதலால், சென்னையிலிருந்து அவர் அம்மையாருக்குக் கடிதம் எழுதிவந்தார். 1872ஆம் ஆண்டில் செங்குன்றத்து ஏரியிலிருந்து சென்னை நகருக்கு நீர் கொண்டுவரப்பட்டது. அது சென்னைப் பொறியாளர்களின் செயல். அம்மையாரின் செயல் என்று கூறுதல் பொருந்தாது. அந்நீர் திறந்த கால்வாயில் வந்தது. கீழ்ப்பாக்கத்தில் மணற்படுகைகளில் வடிகட்டும் ஏற்பாடு 1914ஆம் ஆண்டிலேதான் அமைந்தது. ஊருக்குள் நீரைக் கொண்டுவருவதோடு வேலை முடிவதில்லை. வந்த நீர் கழிவாகி வெளியேறுவதற்கும் வழி வேண்டும். குழாய் வந்த ஊரில் வடிகால் இல்லையேல் சேறும் நோயும் பெருகும். இதனை அம்மையாரும் அவருடைய தோழர்களும் ஓயாது எழுதினர்.

படைத்தளங்களிலிருந்து நகரங்களுக்கும், நகரங்களிலிருந்து சிற்றூர்களுக்கும் அம்மையாரின் எண்ணம் விரிந்தது. 1876ஆம் ஆண்டு முதல் 1878ஆம் ஆண்டு வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சமே இதற்குப் பெருங்காரணம். அப்பஞ்சத்தில் பட்டினியால் இறந்தோர் பலர். பட்டினியோடு வாந்திபேதியும் சேர்ந்து இறந்தோரும் பலர். 1877ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் சென்னை மாகாணத்தில் வாந்திபேதிக்கு மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இரையாயினர்.

விழுப்புரமும் திண்டிவனமும் அக்காலத்தில் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. அஃது ஏரிப்பாசன நாடு; மழையை நம்பி வாழும் நாடு. அத்தகைய ஊர்களில் நோய் பரவும் வழியை அறிவது எளிது. மழை பெய்யும்போது ஊர்ப்புறத்து அழுக்கையெல்லாம் அடித்துக்கொண்டு நீர் தாழ்ந்த இடத்துக் குளத்தில் வந்து சேரும். அக்குளத்திலேயே மாடு குளிப்பாட்டுவர், துணி துவைப்பர், குடத்திலும் முகந்து செல்வர். கோடை முற்ற முற்றக் குளம் சுருங்கும். எஞ்சிய சிறிதளவு நீரில் அழுக்குச் செறியும். பஞ்ச காலத்தில் அச்சிறிதளவு நீருக்கே ஊர் முழுவதும் கூடும். பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் செல்வோர் நோயையும் தம்முடன் கொண்டு செல்வர். பஞ்சத்திற்குப் பின் அம்மையார் நீர்ப்பாசனம், நிலவரி, உழவரின் கடன் என்பவற்றைப் பற்றியெல்லாம் எழுதத் தொடங்கினார். கோதாவரி அணையைக் கட்டிய சர் ஆர்தர் காட்டனுடன் அவருக்கு நெருங்கிய நட்பு உண்டாயிற்று. சிற்றூர்களில் தண்டப்படும் வரிப்பணத்தில், அவ்வூர்களின் குடிநீருக்கும் துப்புரவிற்கும் முதலிடம் தரவேண்டும் என்று 1890களின் தொடக்கத்தில் அவர் அரசிடம் மன்றாடினார். அரசு அதனை முழுதும் ஏற்கவில்லை. எனினும், 74ஆம் வயதில், 1894ஆம் ஆண்டு, இந்தியச் சிற்றூர்களின் துப்புரவைப் பற்றி மீண்டும் ஒரு கட்டுரை எழுதினார்.

இனி, அம்மையார் தவறிய இடத்தையும் கூறவேண்டும். நோய்க்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் என்பதை அவர் நெடுங்காலம் நம்பவில்லை. 1884ஆம் ஆண்டு இராபர்ட் கோக் என்னும் செர்மானிய அறிஞர் கல்கத்தாவிலேயே, ஒரு குளத்து நீரிலும் நோயாளிகளின் குடலிலும், வாந்திபேதிக் கிருமியைக் கண்டார். ஸ்னோ கூறியதே உண்மையாயிற்று. ஆனால் ஸ்னோ 1858ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். அம்மையார் தம் முதுமையிற் கிருமி நீக்கும் மருந்துகளைச் செவிலியர்க்குப் பரிந்துரைத்தார்; கொள்கையில் முழுதும் மாறினாரா என்பது ஆராய்ச்சியாளரிடையே வழக்காக உள்ளது. கெட்ட காற்றை ஒழிக்க எண்ணி அவர் கழிவுநீரை அகற்றச் சொன்னார். கழிவுநீர் அகன்றபோது அதிலிருந்த கிருமிகளும் அகன்றன. பிழையான கொள்கை சரியான செயலுக்கு வழிகாட்டிய விந்தை இது.

கிருமிகளினும் நுண்ணியவை வைரஸ் எனப்படும் நச்சுயிரிகள். கிருமிகளைத் தடுத்து நிறுத்தும் பீங்கான் வடிகட்டியின் ஊடேயும் நோய்ப்பொருள் ஒன்று நழுவிச் செல்வதை 1892ஆம் ஆண்டு இவனோவ்ஸ்கி என்னும் உருசிய அறிஞர் கண்டார். இளம்பிள்ளை வாதத்திற்குக் காரணம் அத்தகைய நச்சுயிரியே என்பது 1908ஆம் ஆண்டு வியன்னா நகரில் தெளிவாயிற்று. இந்நச்சுயிரிகள் சாக்கடையிற் பெருகுவதில்லை. மனிதன் உடலுக்குள்ளேயே பெருகும். ஆனால், மலத்தின் வழியே வெளிவந்து, கழிவுநீரிற் பல நாட்கள், சிலபோது பல வாரங்களும், அழியாமல் காத்திருக்க வல்லவை. இளம்பிள்ளை வாத நச்சுயிரி புகுந்த இருநூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கே கைகால் முடங்கும். ஏனையோர் நலமாகத் தோன்றிக்கொண்டே அதனைக் கழிவில் வெளிவிடுவர். ஆகையால், நோயாளியைப் பார்த்து நோயை அறிவதற்கு முன்னரே சாக்கடை அதனை அறிந்திருக்கும். 2001ஆம் ஆண்டு முதல் பம்பாயிலும் பின்னர்ப் பிற நகரங்களிலும் கழிவுநீரைச் சிறிதளவு எடுத்து இந்நச்சுயிரி உண்டா என்று ஆராய்ந்து வந்தமை, இந்தியாவில் அந்நோயை ஒழிக்கப் பெருந்துணை புரிந்தது. 2011ஆம் ஆண்டு சனவரிக்குப் பின் இந்நாட்டில் இயற்கையான அந்நச்சுயிரியால் ஒருவரும் முடங்கவில்லை.

கழிவும் குடிநீரும் கலந்தால் என்ன நேரும் என்பதற்கு நம் தலைநகரிலேயே ஒரு சான்று உண்டு. 1955ஆம் ஆண்டு யமுனை ஆறு தன் போக்கில் மாறியபோது, நஜப்கர் சாக்கடையின் கழிவுநீர் பின்னோக்கிச் சென்று, தில்லி நகர் குடிநீர் எடுக்கும் இடத்தை அடைந்தது. அதனை அறிந்த பொறியாளர்கள் நீரில் குளோரினை மிகுதியாகச் சேர்த்தனர். வாந்திபேதியும் குடற்காய்ச்சலும் பரவவில்லை, கிருமிகள் அழிந்தன. சில வாரங்களுக்குப் பின், அவ்வாண்டு டிசம்பரிலும் அடுத்த சனவரியிலும், ஏறத்தாழ 29,300 பேர் மஞ்சட்காமாலையாற் பீடிக்கப்பட்டனர். கருவுற்ற பெண்டிர் பலர் உயிரிழந்தனர். கிருமிகளைக் கொன்ற மருந்துக்கு ஒரு நச்சுயிரி தப்பியிருந்தது. அதன் உருவத்தைக் காண மேலும் கால் நூற்றாண்டிற்கு மேல் ஆயிற்று. கழிவு கலந்த நீரை மருந்திட்டுத் திருத்துவதினும், கழிவு கலவாமற் காப்பதே முதல் வேலை என்று அம்மையார் வற்புறுத்தியதன் பொருள் இங்கே விளங்கும்.

கழிவுநீரை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டால் அடுத்த ஊருக்கு அது குடிநீராகிவிடும். ஆகவே, அதனைத் திருத்தியே விடவேண்டும். அதற்குரிய சிறந்த வழி, அம்மையார் மறைந்து நான்காண்டுகளுக்குப் பின், 1914ஆம் ஆண்டு, மான்செஸ்டர் நகரில் ஆர்டர்ன், லாக்கெட் என்னும் இருவராற் கண்டறியப்பட்டது. முதலிற் கம்பி வலைகள் துணியையும் குப்பையையும் தடுக்கும். பின்பு மணல் படியும். கனத்த பொருள்கள் தொட்டியின் அடியில் தங்கும். அடுத்த தொட்டியில் காற்றை இடைவிடாது செலுத்துவர். அக்காற்றை உண்டு வாழும் நற்கிருமிகள் பல்கி, நீரிற் கரைந்துள்ள அழுக்கைத் தின்று, பஞ்சுபோல் திரண்டு சேறாகப் படியும். நச்சுயிரிகளிற் பல அச்சேற்றில் ஒட்டிக்கொண்டு கீழிறங்கும். தெளிந்த நீரில் இறுதியாகக் குளோரின் சேர்ப்பர். நச்சுயிரிகள் சேற்றிலே உயிர்ப்புடன் இருக்கக்கூடும் ஆதலின், அச்சேற்றையும் காய்ச்சியோ புளிக்கவைத்தோ நன்கு உலர்த்தியோதான் வயலுக்கு விடுதல் வேண்டும். சென்னையிற் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களில் இத்தகைய நிலையங்கள் உள்ளன. இவ்வளவு செய்தும் எல்லா நச்சுயிரிகளும் ஒழிந்துவிடுகின்றன என்று சொல்லுதற்கில்லை.

1901ஆம் ஆண்டளவில் அம்மையாரின் கண்ணொளி மங்கிவிட்டது. வாழ்நாள் முழுவதும் அட்டவணைகளைப் படித்த கண்கள் அவை. 1907ஆம் ஆண்டு இங்கிலாந்து மன்னர் அவருக்குப் பெருஞ்சிறப்பு விருது ஒன்றை வழங்கினார். பெண்ணொருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதல் முறை. விருதைப் பெற்றதைக்கூட அவர் முழுதும் உணர்ந்தாரில்லை என்பர். 1910ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 13ஆம் நாள், 90ஆம் வயதில், உறக்கத்திலேயே அவர் உயிர் நீங்கிற்று. அரசர்களும் புலவர்களும் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அவரை அடக்கம் செய்ய அரசு முன்வந்தது. உறவினர் அதனை ஏற்கவில்லை. ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் ஈஸ்ட் வெல்லோ என்னும் சிற்றூரில், பெற்றோரின் கல்லறையை அடுத்து அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அங்குள்ள கல்லில் அவர் பெயர் இல்லை, எஃப். என். என்னும் இரண்டெழுத்துகளும், பிறந்த நாளும், இறந்த நாளும் மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளன.